வயல் வரப்பில் தைத்த ஆடை: கங்கைச் சமவெளியும் இரண்டு நெறிகளும்

பௌத்த பிக்குகள் உடுத்தும் சீவரத்தை எப்போதாவது கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? தூரத்திலிருந்து பார்த்தால் ஒற்றைக் காவித் துணிதான். பக்கத்தில் போனால் பெரிதும் சிறிதுமான நீள்சதுரத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்திருப்பது தெரியும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு பட்டி ஓடும். இன்றும் புதுத் துணியை முதலில் துண்டு துண்டாக வெட்டி, பிறகு ஒட்டித் தைத்துத்தான் சீவரம் ஆக்குகிறார்கள்.

இந்த வேண்டாத வேலை எதற்கு? பிக்குகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய நூல் ஒரு சின்னக் கதை சொல்கிறது. புத்தர் மகத நாட்டில் நடந்து போகிறார். இருபுறமும் வயல்கள். வரப்பும் குறுக்கு வரப்புமாகப் பாத்தி கட்டிக் கிடக்கின்றன. கூட வந்த சீடர் ஆனந்தரிடம், பிக்குகளுக்கு இந்த மாதிரி ஓர் ஆடை தைக்க முடியுமா என்று கேட்கிறார். ஆனந்தரும் தைத்துக் காட்டுகிறார்.

ஏர் பிடிக்காத, நிலம் வைத்துக்கொள்ளாத ஒருவர் வயலின் படத்தை உடம்பில் சுற்றிக்கொண்டு திரிகிறார். பழைய இந்திய நாகரிகத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. பள்ளியில் புவியியலை ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும், சமயத்தை இன்னொன்றாகவும், சமூகத்தை மூன்றாவதாகவும் மனப்பாடம் செய்தவன் நான். மூன்றும் ஒரே துணியில் தைத்தவை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது.

தொடங்கும் முன் ஒரு சொல் விளக்கம். இந்தக் காலத்தைப் பேசும்போது 'இந்து' என்பதைக் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும். சிந்து என்ற ஆற்றுப் பெயரைப் பாரசீகர்கள் தங்கள் நாவுக்கு ஏற்ப 'ஹிந்து' என்றார்கள். முதலில் அது ஒரு நாட்டுக்கான பெயர். ஒரு சமயத்துக்கான பெயரானது வெகு காலம் கழித்து. ஆகவே கி.மு. 1000, கி.மு. 500 என்று பேசும்போது 'வேத நெறி' என்பதே பொருத்தம். இன்று நாம் காணும் கோயில், திருவிழா, சிலை வழிபாடு எல்லாம் அதற்குப் பின் பல ஊற்றுகள் சேர்ந்து வளர்ந்தவை.

மாடும் நெருப்பும்

வட இந்தியச் சமவெளி பார்க்க ஒரே தட்டாக இருக்கும். டெல்லி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 215 மீட்டர் உயரம், பாட்னா ஏறத்தாழ 53 மீட்டர். இரண்டுக்கும் நடுவே சுமார் 1000 கிலோமீட்டர் சாலை. அவ்வளவு தூரத்துக்கு அவ்வளவு மெல்லிய சரிவு. அதனால்தான் ஆறுகள் வளைந்து நெளிந்து, வெள்ளம் வந்தால் கரை தாண்டி, வண்டலைக் கொட்டிப் போகின்றன. தட்டையாக இருந்தாலும் மேற்கும் கிழக்கும் ஒன்றல்ல. மேற்கே மழை குறைவு; கோதுமையும் வாற்கோதுமையும் விளையும், மேய்ச்சலுக்கு நல்ல நிலம். கிழக்கே போகப் போக மழை கூடும், காடு அடரும், சதுப்பு மிகும். அது நெல் நிலம்.

வேதப் பாடல்களில் பழமையான ரிக் வேதம் மேற்குப் பகுதிக்கு உரியது. சிந்துவையும் அதன் கிளைகளையும் சரஸ்வதியையும் பாடும் அந்த நூலில் கங்கையின் பெயர் அபூர்வமாகத்தான் வரும். அந்த மக்களுக்குச் செல்வம் என்றால் மாடு. போருக்கு அவர்கள் வைத்திருந்த சொற்களில் ஒன்று 'கவிஷ்டி'. பசுவை நாடுதல் என்று பொருள். ஆநிரை கவர்வதைப் போரின் முதல் படியாக வைத்து வெட்சித் திணை பாடிய நமக்கு இது எளிதில் பிடிபடும்.

அவர்களுடைய வழிபாட்டைப் பாருங்கள். கோயில் கிடையாது, சிலை கிடையாது. வேண்டிய இடத்தில் மேடை போட்டு, தீ மூட்டி, நெய்யும் சோமமும் பலியும் இட்டு, இந்திரனையும் அக்னியையும் அழைப்பார்கள். முடிந்ததும் கிளம்பிவிடலாம். மந்திரம் நினைவில் இருக்கிறது, நெருப்பைக் கூடவே கொண்டு போகலாம். மந்தையோடு இடம் மாறும் கூட்டத்துக்கு அசையாத கோயில் எதற்கு?

பிறகு அவர்கள் கிழக்கே நகர்ந்தார்கள். அந்த நகர்வின் நினைவு சதபத பிராமணம் என்ற வேள்வி விளக்க நூலில் ஒரு கதையாக இருக்கிறது. விதேக மாதவன் என்ற அரசன் அக்னியை வாய்க்குள் வைத்திருக்கிறான். கோதம ராகூகணர் என்ற புரோகிதர் அழைக்கிறார். வாயைத் திறந்தால் நெருப்பு விழுந்துவிடும், அதனால் அரசன் பேசுவதில்லை. புரோகிதர் ஒவ்வொரு மந்திரமாகச் சொல்லிப் பார்க்கிறார். 'நெய்' என்ற சொல் வந்ததும் அக்னியால் பொறுக்க முடியவில்லை, குபீரென்று வெளியே பாய்ந்துவிடுகிறது. சரஸ்வதிக் கரையிலிருந்து கிழக்கு நோக்கி எரித்துக்கொண்டே போகிறது. இமயத்திலிருந்து வரும் சதாநீரா ஆற்றை மட்டும் அது எரிக்கவில்லை. அந்த ஆற்றுக்கு அப்பால் ஒரு காலத்தில் பிராமணர்கள் போனதில்லை, ஈர நிலமாகச் சாகுபடி இல்லாமல் கிடந்தது, இப்போது விளைநிலமாகிவிட்டது என்று நூல் சொல்லி முடிக்கிறது. சதாநீரா இன்றைய கண்டகி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

காட்டை எரித்து நிலம் திருத்தியதைத்தான் இந்தக் கதை இப்படிச் சொல்கிறது என்று படிக்கிறவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் கிழக்கே ஆளே இல்லை என்று நம்பிவிடக் கூடாது. பீகாரில் உள்ள சிராந்து போன்ற இடங்களில் புதிய கற்காலத்திலேயே மக்கள் ஊர் அமைத்து நெல் விளைத்திருக்கிறார்கள். காடு வெறும் காடாக இருந்ததில்லை. வேள்வித் தீ போய்ச் சேராத இடம் நூலின் கண்ணுக்குப் பாழ்நிலமாகத் தெரிந்தது, அவ்வளவே.

நெல்லும் நாணயமும்

கி.மு. 600-ஐ ஒட்டிய காலத்தில் நடுக் கங்கைப் பகுதி வேகமாக மாறியது. இரும்புக் கோடரியும் கொழுவும்தான் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் டி.டி. கோசாம்பியும் ஆர்.எஸ். சர்மாவும் எழுதினார்கள். காட்டை அழிக்கத் தீயே போதும், அகழாய்வில் கிடைத்த இரும்புக் கருவிகள் அவ்வளவு அதிகம் இல்லை என்று வேறு சிலர் மறுத்தார்கள். எது முதல் காரணமாக இருந்தாலும் விளைவில் சந்தேகமில்லை. பாலி மொழியில் உள்ள பௌத்த நூல்களில் நெல்லைப் பற்றிய பேச்சு எங்கும் இருக்கிறது. அதில் உயர்ந்த ரகத்துக்குச் 'சாலி' என்று பெயர். நம் சங்கப் பாடலில் வரும் சாலி நெல்லும் இதே சொல்தான்.

நெல் நிறைய விளைந்தால் உழாத ஆட்களுக்கும் சோறு கிடைக்கும். குயவர், கொல்லர், வணிகர், படைவீரர், வரி வசூலிப்பவர் என்று ஒரு கூட்டம் வளர்ந்தது. ராஜகிருகம், சிராவஸ்தி, கௌசாம்பி, வாராணசி, வைசாலி என நகரங்கள் எழுந்தன. முத்திரை குத்திய வெள்ளிக் காசுகள் புழங்கின. பாலி நூல்கள் மகாஜனபதங்கள் என்ற பதினாறு பெருநாடுகளைப் பட்டியல் போடுகின்றன. அவற்றில் கங்கையின் தெற்கே இருந்த மகதம் கடைசியில் எல்லாரையும் விழுங்கியது. கங்கையும் சோணை ஆறும் காவல், தெற்கே சோட்டா நாகபுரிப் பக்கம் இரும்புத் தாது, காட்டில் யானை, ராஜகிருகத்தைச் சுற்றி ஐந்து மலை. இவ்வளவும் அமைந்த நாடு வேறு இல்லை.

இமயத்தின் அடிவாரத்திலோ கதை வேறு. அங்கே ஒற்றை மன்னன் இல்லாமல் குலத் தலைவர்கள் கூடிப் பேசி ஆளும் கண சங்கங்கள் இருந்தன. லிச்சவிகள், மல்லர்கள், சாக்கியர்கள் எல்லாரும் அப்படித்தான். புத்தர் பிறந்தது சாக்கியர் குலத்தில். சாக்கியருக்கும் பக்கத்துக் கோலியருக்கும் ரோகிணி ஆற்றுத் தண்ணீரை யார் வயலுக்குத் திருப்புவது என்று சண்டை மூண்டதாகவும், புத்தர் நடுவில் வந்து தண்ணீர் பெரிதா மனித ரத்தம் பெரிதா என்று கேட்டதாகவும் பௌத்த மரபு சொல்கிறது. ஆற்றுநீர்ச் சண்டையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்! ஆனால் இந்தக் கண சங்கங்களில் இருந்துதான் பௌத்தத் துறவியர் அமைப்புக்கு 'சங்கம்' என்ற பெயரும், கூடி முடிவெடுக்கும் முறையும், குச்சி எடுத்து வாக்களிக்கும் வழக்கமும் வந்தன. பழைய அரசியல் முறை மகதத்திடம் தோற்றுப்போனது. அதன் நடைமுறை மடத்துக்குள் உயிரோடு இருந்தது.

மழையாகத் திரும்பி வரும் உயிர்

ஒரு தலைமுறைக்குள் ஒருவன் பெரும் பணக்காரனாகிறான், இன்னொருவன் கடனில் அடிமையாகிறான். பழைய குலக்குழுவில் இல்லாத அளவுக்கு ஏற்றத்தாழ்வு. அப்போது பழைய வேள்வி பதில் சொல்லாத கேள்விகள் வருகின்றன. நான் ஏன் இப்படிப் பிறந்தேன்? செத்த பிறகு எங்கே போவேன்?

உபநிடதங்களில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது, அதில் அந்த மண்ணின் வாசனை அப்படியே அடிக்கும். சாந்தோக்கிய உபநிடதத்தில் பாஞ்சால அரசன் பிரவாகண ஜைவலி, உத்தாலக ஆருணி என்ற பிராமணருக்கு விளக்குகிறான். வேள்வியும் தானமும் செய்து வாழ்ந்தவர் இறந்தபின் புகையோடு மேலே போகிறார், சந்திரனை அடைகிறார், பலன் தீர்ந்ததும் வானமாக, காற்றாக, மூட்டமாக, மேகமாக இறங்கி மழையாகப் பொழிகிறார். பிறகு நெல்லாகவும் எள்ளாகவும் உளுந்தாகவும் முளைக்கிறார். அதை உண்பவர் வழியாக மறுபடி பிறக்கிறார். நல்ல நடத்தைக்கு நல்ல பிறவி, கெட்டதற்குக் கெட்ட பிறவி. மறுபிறவிக் கொள்கை முதன்முதலில் தெளிவாகப் பேசப்படும் இடங்களில் இது ஒன்று. நெல்லுக்காக வருஷா வருஷம் வானத்தைப் பார்த்து நின்ற மக்களிடம் உயிரின் பயணமும் மழையின் பயணமாக இருப்பதில் என்ன வியப்பு? இந்த அறிவு இதுவரை பிராமணரிடம் இருந்ததில்லை என்று அந்த அரசன் சொல்வதும் கவனிக்க வேண்டியது. பேச்சு வேள்விக்கூடத்தைத் தாண்டிப் பரவத் தொடங்கிவிட்டது.

அப்புறம் வேதத்தை ஏற்காமல் ஊர் ஊராகத் திரிந்த துறவிகளான சிரமணர்கள். மகாவீரர், எல்லாம் விதிப்படி என்ற ஆசீவகத்தின் மற்கலி கோசாலர், செத்தால் எல்லாம் மண் என்ற அஜித கேசகம்பளர் எனப் பல குரல்கள். புத்தர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். கர்மம், மறுபிறவி, விடுதலை என்ற மூன்றையும் வேத நெறியும் பௌத்தமும் பொதுவில் பேசுகின்றன. பிரியும் இடம் எது? உபநிடதம், உனக்குள்ளே மாறாத ஆன்மா ஒன்று உண்டு, அதை அறி என்கிறது. பௌத்தம், தேடிப் பார், மாறாதது எதுவும் அகப்படாது, பிடியை விடு என்கிறது. வேள்வியின் கிரியையே கர்மம் என்ற பழைய பொருளையும் பௌத்தம் மாற்றி, எண்ணமே கர்மம் என்றது.

இரு தரப்பும் ஒரே ஆற்று உவமையைக் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். முண்டக உபநிடதம் சொல்கிறது: ஓடும் ஆறுகள் பெயரையும் உருவத்தையும் விட்டுக் கடலில் மறைவதுபோல் ஞானி பரம்பொருளில் கலக்கிறான். பாலி நூலிலும் ஆறுகள் பெயர் இழந்து கடலில் சேர்கின்றன. ஆனால் அங்கே ஆறுகளுக்குப் பெயர் உண்டு: கங்கை, யமுனை, அசிரவதி, சரபு, மகி. அப்படிச் சேர்வது யார்? க்ஷத்திரியர், பிராமணர், வைசியர், சூத்திரர் என்ற நான்கு வருணத்தாரும். சங்கத்தில் நுழைந்ததும் பழைய பெயர் போய் எல்லாரும் 'சாக்கியர் மகனின் துறவிகள்' ஆகிறார்கள். ஒரே காட்சி. ஒருவருக்கு அது ஆன்மாவைப் பற்றியது, மற்றவருக்குச் சாதியைப் பற்றியது.

பாதி திறந்த கதவு

நான்கு வருணங்கள் ஆதி மனிதனான புருஷனின் வாய், தோள், தொடை, பாதம் என்ற உறுப்புகளில் இருந்து வந்தவை என்று ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்துப் புருஷ சூக்தம் சொன்னது. பௌத்த நூல்கள் இதை நேராகவே கிண்டல் செய்கின்றன. அஸ்ஸலாயணர் என்ற இளம் பிராமணரிடம் புத்தர், பிராமணப் பெண்களும் மற்றப் பெண்களைப் போலக் கருவுற்றுத்தானே பெறுகிறார்கள் என்கிறார். எல்லைக்கு அப்பால் யவனர், காம்போஜர் நாடுகளில் ஆண்டான், அடிமை என்று இரண்டே பிரிவுதான், அங்கேயும் ஆண்டான் அடிமையாகலாம், அடிமை ஆண்டானாகலாம் என்கிறார். வணிகச் சாலைகள் வழியாக வந்த செய்தி இங்கே வாதத்துக்கு உதவுகிறது. சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, அவர்களுடைய செருக்கு அடங்கட்டும் என்று நாவிதரான உபாலிக்கு முதலில் துறவு கொடுத்ததாக விநயம் சொல்கிறது.

அதற்காகப் புத்தர் சாதியை ஒழித்தார் என்று சொல்லிவிடுவது அவசரம். சங்கத்துக்குள் வருணம் இல்லை. வெளியே ஊர் அப்படியேதான் இருந்தது. ஆண்டானிடமிருந்து விடுபடாத அடிமைக்கும், கடன்பட்டவருக்கும், அரசனின் படைவீரருக்கும் துறவு தரக் கூடாது என்று விதி வந்தது. படைவீரர்கள் சீவரம் உடுத்துவது மகத அரசன் பிம்பிசாரனுக்குப் பிடிக்கவில்லை, அவன் முறையிட்ட பிறகுதான் அந்த விதி. பெண்களைச் சேர்க்கவும் தயக்கம் இருந்தது. புத்தரை வளர்த்த மகாபிரஜாபதி கௌதமி கேட்டும், ஆனந்தர் பரிந்து பேசிய பிறகே கதவு திறந்தது. அதுவும் எட்டு நிபந்தனைகளோடு.

நான்கு மாத மழையில் முளைத்த மடம்

இனி எனக்குப் பிடித்த பகுதி. துறவி என்றால் ஓரிடத்தில் தங்கக் கூடாது, மரத்தடியில் படுக்க வேண்டும், நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனி, ஆடியில் பருவமழை இறங்கினால் கங்கைச் சமவெளியில் என்ன ஆகும்? பாதை சேறாகும், ஆறு கரை புரளும், வயலில் பயிர் தழைத்திருக்கும். அப்போதும் பிக்குகள் நடந்தார்கள். ஊர் மக்கள் முணுமுணுத்தார்கள்: பறவைகள்கூட மழைக்குக் கூடு கட்டி அடங்குகின்றன, இவர்கள் மட்டும் பச்சைப் பயிரையும் சிற்றுயிர்களையும் மிதித்துக்கொண்டு திரிகிறார்களே! உடனே புத்தர் மழைக்கு மூன்று மாதம் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்று விதித்தார்.

மூன்று மாதம் தங்கினால் கூரை வேண்டும். கூரைக்கு இடம் வேண்டும். இடத்துக்கு ஒரு புரவலர் வேண்டும். சிராவஸ்தியின் பெருவணிகர் அநாதபிண்டிகர் வந்தார். ஜேத இளவரசனின் தோப்பை, தரை முழுக்கக் காசு பரப்பி விலைக்கு வாங்கினார் என்பது கதை. பார்ஹூத் தூபியின் கல்வேலியில், கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே, இதைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வண்டியில் காசு வருகிறது, ஆட்கள் தரையில் சதுரக் காசுகளை அடுக்குகிறார்கள், பக்கத்தில் பெயரும் பொறித்திருக்கிறது. இப்படிக் கிடைத்த தங்குமிடங்கள் மெல்ல நிலையான விகாரைகள், அதாவது மடங்கள் ஆயின. பீகார் என்ற மாநிலப் பெயரே விகாரை என்ற சொல்லிலிருந்து வந்ததுதான்.

இந்த வழக்கம் பௌத்தருக்கு மட்டும் உரியதல்ல. சமணத் துறவிகளும் மழைக்காலத்தில் நடப்பதில்லை. நம்மூர் மடாதிபதிகள் வியாச பூஜை செய்து சாதுர்மாஸ்ய விரதம் தொடங்குவதும் அதே பருவத்தில், ஆனி, ஆடியில் வரும் ஆஷாடப் பௌர்ணமியை ஒட்டித்தான். பெயருக்கு நான்கு மாதம் என்றாலும் பலர் இரண்டு மாதத்தில் முடித்துக்கொள்கிறார்கள். இலங்கையில் மழைத் தங்கல் முடிந்ததும் பிக்குகளுக்குக் 'கடினம்' என்ற சிறப்புச் சீவரம் வழங்குவது பெருவிழா. கொள்கையில் ஒத்துப்போகாத மூன்று நெறிகள் ஒரே மழைக்கு ஒதுங்கின.

சாலை வழியே தெற்கே

நகரம், காசு, விகாரை என்ற முடிச்சு விழுந்தபின் பௌத்தம் வண்டித் தடத்தைப் பிடித்துப் பரவியது. புத்தரின் முதல் இல்லறச் சீடர்கள் என்று மரபு சொல்லும் தபுஸ்ஸரும் பல்லிகரும் வணிகர்களே. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் கல்வெட்டுகள் சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி (இலங்கை) வரை பெயர் சொல்கின்றன. கங்கையில் தொடங்கிய பேச்சு எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்கு அதுவே சாட்சி.

இரு நெறிகளும் எதிரெதிர் முகாம்களாகவே நின்றன என்று நினைத்தால் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வாருங்கள். கொங்கணத் துறைமுகங்களிலிருந்து தக்காணம் ஏறும் கணவாய்களில் ஒன்று நாணேகாட். அங்குள்ள குகையில், தக்காணத்தை ஆண்ட சாதவாகன மரபின் அரசி ஒருத்தி அசுவமேதம் உள்ளிட்ட வேள்விகளையும், தட்சிணையாகத் தந்த பசுக்களையும் காசுகளையும் கல்லில் எழுதி வைத்திருக்கிறாள். அதே மலைத்தொடரில் தெற்கே கார்லேயில் மலையைக் குடைந்த பௌத்தச் சைத்தியம், அதாவது வழிபாட்டுக் கூடம். கட்டி முடித்தவர் வைஜயந்தியைச் சேர்ந்த பூதபாலர் என்ற வணிகர். தூண் கொடுத்தவர்களில் யவனர்களும் இருக்கிறார்கள். கீழே சரக்கு மூட்டைகள் போக, மேலே ஒருபக்கம் வேள்விக் கணக்கு, மறுபக்கம் பிக்குகளின் மணியோசை.

இன்னும் வேடிக்கை நாசிக்கில். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கௌதமி பாலசிரி என்ற அரசமாதா அங்கே ஒரு குகையைப் பௌத்த பிக்குகளுக்குக் கொடுக்கிறாள். அந்தத் தானத்தைச் சொல்லும் கல்வெட்டிலேயே தன் மகன் கௌதமிபுத்திர சாதகர்ணியை ஒப்பற்ற பிராமணன் என்றும், நான்கு வருணங்கள் கலக்காமல் தடுத்தவன் என்றும் புகழ்கிறாள். வருணம் கரையும் கடலாகத் தங்களைச் சொல்லிக்கொண்ட பிக்குகள் அந்தச் சுவரடியில் குடியேறினார்கள். குகையைப் பேண, பேரன் புலுமாவி ஒரு கிராமத்தையும் எழுதி வைத்தான். வயலைத் துணியில் மட்டும் தைத்துக்கொண்டு கிளம்பியவர்களின் வழித்தோன்றல்களுக்கு இப்போது விளைச்சலே வந்து சேர்ந்தது.